உதவிக்கு ஒரு பதக்கம்

பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பையனுக்குத் தன் விடைத்தாளைக் காட்டுகிறவனை நாம் வெளியே அனுப்பிவிடுகிறோம். காட்டியவன் நல்லெண்ணத்தோடுதான் காட்டியிருப்பான். இருந்தாலும் சட்டம் சட்டம்தான். பள்ளிக்கூடத்தில் நுழைந்த நாள் முதல் பட்டம் வாங்கி வெளியேறும் நாள் வரையில், 'உன்னுடையதை நீ மறைத்து எழுது' என்பதைத்தான் நம் பிள்ளைகளுக்கு விடாமல் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளைகளை ஒரு போட்டிக்கு அழைத்து, 'உன்னோடு போட்டியிடுகிறவனுக்கு நீ ஏதாவது உதவி செய்தாயா? செய்திருந்தால் அத்தாட்சியைக் காட்டு, பதக்கம் தருகிறோம்' என்று சொன்னால் அவர்கள் திகைத்துப்போக மாட்டார்களா?

அப்படிக் கேட்ட ஒரு போட்டி உலகத்தில் நடந்து வருகிறது. அதற்கு ஐஜெம் என்று பெயர். செயற்கை உயிரியல் என்னும் புதுத் துறையில் பல நாட்டு மாணவர்கள் குழுக் குழுவாகச் சேர்ந்து கலந்துகொள்ளும் போட்டி அது. விஞ்ஞானம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் சொல்ல வருவது விஞ்ஞானத்தைப் பற்றி அல்ல, மனிதனுக்கு மனிதன் உதவுவதைப் பற்றி. ஆனாலும் அந்தக் கேள்வி எந்த இடத்தில் முளைத்தது என்பதைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் சொல்ல முடியாது.

ஓர் உயிரணு என்ன செய்ய வேண்டும் என்பது அதனுள் இருக்கும் டி.என்.ஏ. என்ற இழையில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த இழையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வேறோர் உயிரணுவில் ஒட்டும் வித்தை விஞ்ஞானிகளுக்கு 1970களிலேயே கைவந்துவிட்டது. ஆனால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி வெட்டினார்கள், ஒட்டினார்கள். தச்சுப் பட்டறையில் ஒவ்வொரு ஆணியையும் தச்சனே அடித்துக்கொள்வதில்லை. அளவு சொன்னால் கடையில் கிடைக்கிறது. அதுபோல டி.என்.ஏ. துண்டுகளுக்கும் ஒரே மாதிரியான முனைகளை வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் எதனோடும் பொருத்தலாமே என்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டாம் நைட் என்பவர் 2003ல் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். அந்தத் துண்டுகளுக்கு 'பயோபிரிக்', அதாவது உயிர்ச் செங்கல், என்று பெயர் வைத்தார்கள்.

அதே 2003ஆம் வருஷம் ஜனவரியில் அந்தக் கழகத்தில் மாணவர்களுக்கு ஒரு மாதப் பாடம் நடந்தது. மின்மினியைப்போல உயிரணுக்களை விட்டு விட்டு மினுக்கச் செய்வது எப்படி என்று திட்டம் போடுவதுதான் பாடம். 2004ல் 5 அமெரிக்கக் கல்வி நிலையங்கள் சேர்ந்து அதைப் போட்டியாக நடத்தின. 2005ல் கேம்பிரிட்ஜ், ஜூரிக், டொரான்டோ ஆகிய ஊர்களிலிருந்தும் மாணவர்கள் வந்து 13 குழுக்கள் ஆயின. 2006ல் 32. பிறகு வந்த ஆண்டுகளில் 300ஐத் தாண்டிவிட்டது. 2019 வரையில் பாஸ்டன் பக்கத்தில் கூடினார்கள். கொள்ளை நோயினால் 2020லும் 2021லும் கம்ப்யூட்டர் திரையிலேயே சந்தித்துக்கொண்டார்கள். 2022லிருந்து பாரிஸ் நகரத்தில் கூடுகிறார்கள்.

இளைஞர்கள் கையில் கிடைத்தால் எதுவும் கொஞ்சம் விளையாட்டாகத்தான் தொடங்கும். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஈ. கோலி என்ற கிருமிக்கு நாற்றம் உண்டு. 2006ல் ஒரு குழு அந்தக் கிருமியை, வளரும்போது மருந்துத் தைலத்தின் வாசனையும், வளர்ந்து நின்ற பிறகு வாழைப்பழ வாசனையும் வீசும்படி மாற்றிக் காட்டியது. 2009ல் பெங்களூரிலிருந்து போன குழுவில் இருந்தவர்கள் கலை பயிலும் மாணவர்கள். முதல் மழை விழுந்ததும் பூமியிலிருந்து ஒரு மணம் எழுகிறதே, அந்த மண்வாசனையைக் கிருமியிடமிருந்து வரவழைப்பதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்களும் இந்தப் போட்டிக்குப் போயிருக்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு கிடங்கு உண்டு. முன்னே வந்தவர்கள் செய்த துண்டுகளை உலர்த்தி, சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டுகளில் வைத்து ஒவ்வொரு குழுவுக்கும் அனுப்பிவைத்தார்கள். எடுத்துக்கொள், நீ செய்ததைத் திருப்பிக் கொடு என்பது கிடங்கின் தர்மம். அதற்கு மேலும் ஒரு படி போய், பல ஆண்டுகள் பதக்க விதிகளில் உதவியையே சேர்த்தார்கள். வேறொரு குழுவின் துண்டைச் சோதித்துத் தருவது, அவர்கள் அமைப்பிலுள்ள கோளாறைக் கண்டுபிடிப்பது, கணக்குப் போட்டு முன்கூட்டியே பலன் சொல்வது முதலியவை தங்கப் பதக்கத்துக்கு உரிய செயல்களாகச் சில காலம் இருந்தன. பின்னால் சில ஆண்டுகள், இன்னொரு குழுவோடு குறிப்பிடத்தக்க விதத்தில் சேர்ந்து உழைத்திருந்தால்தான் வெள்ளிப் பதக்கமே உண்டு என்று ஆக்கினார்கள். இந்தப் பதக்கங்களுக்கு எண்ணிக்கை கிடையாது, தகுதி நிறைந்த எல்லோருக்கும் உண்டு. பெரும் பரிசு மட்டும் அப்படி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டையைப் போன்ற வடிவில் உலோகத்தால் செய்த ஒரு பெரிய செங்கல்.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவள் என் நண்பர் ஒருவரின் பேத்தி. நண்பர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், என்னைவிட மூத்தவர். பேத்தி கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் படித்தபோது இப்படி ஒரு குழுவில் இருந்தவள். பதக்க விதியைக் கேட்டதும் பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, கூலி கொடுத்துச் செய்யச் சொன்னால் அதற்கு வேலை என்று பெயர். பதக்கம் கொடுத்துச் செய்யச் சொன்னால் அதற்கு வியாபாரம் என்று பெயர். உதவி என்பது வேறு. அது உள்ளத்தில் ஊற வேண்டும். சட்டம் போட்டு ஊற்றுக்கண்ணைத் திறக்க முடியுமா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதுகிறோம். பந்தலுக்கு ஓரத்தில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு வைத்தார் என்பது அதில் ஏறும். நாளைக்கு அவர் வீட்டுக் காரியத்தில் அதைவிடக் குறையாமல் நாம் வைக்க வேண்டும். இது தானமா, கடனா, உதவியா என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணம் நடந்துவிடுகிறது. ஆனால் நோட்டில் ஏறாத அன்பு அந்தப் பந்தலில் எவ்வளவு இருந்தது என்பதை அந்த நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தப் போட்டியிலும் மொய்க்கு மொய் வைக்கிற வழக்கம் வந்ததுண்டு. ஒரு குழு கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து அனுப்பும். இன்னொரு குழு அதை நிரப்பி அனுப்பிவிட்டுத் தன் கேள்வித்தாளை நீட்டும். இரண்டு பக்கமும் 'நாங்கள் ஒத்துழைத்தோம்' என்று எழுதிக்கொள்ளலாம். இருவருக்கும் கஷ்டம் இல்லை, இருவருக்கும் லாபமும் இல்லை. பெரியவர் இதைக் கேட்டிருந்தால், 'நான் சொன்னேனே' என்று தலையை ஆட்டியிருப்பார்.

ஆனால் பேத்தி அன்று சொன்னது வேறு கதை.

"தாத்தா, எங்க குழு ஐரோப்பாவில ஒரு ஊர்க் குழுவோட சேர்ந்துச்சு. நீங்க சொல்ற மாதிரி பதக்கத்துக்காகத்தான் சேர்ந்தோம். அவங்க செஞ்ச ஒரு துண்டைக் காகிதத்துல சொட்டு விட்டு உலர்த்தித் தபால்ல அனுப்பினாங்க. அதைக் கிருமிக்குள்ள வெச்சு ஒரு சர்க்கரையைச் சேர்த்தா, கிருமி பச்சையா ஒளிரணும். அவங்க ஊர்ல ஒளிர்ந்துச்சு. எங்க ஊர்ல ஒளிரல. மூணு தடவை செஞ்சு பார்த்தோம், ஒளிரவே இல்ல."

"கைப்பக்குவம் போதாது என்று சொல்லியிருப்பார்கள்" என்றார் தாத்தா.

"அப்படித்தான் நாங்களே நினைச்சோம். முடிவுகளை எழுதிக் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சு. எங்கள்ல ஒருத்தன், 'சோதனை நடத்தினோம்னு மட்டும் எழுதிடலாம், என்ன வந்துச்சுன்னு யாரும் கேட்கப் போறதில்ல' அப்படின்னான். அது பொய்யில்லதான், தாத்தா. சோதனை நடத்தினது நிஜம்தானே? ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசினோம். கடைசியில, வந்தது வந்தபடி எழுதி அவங்களுக்கு அனுப்பிட்டோம்."

இரண்டு நாள் பதில் இல்லையாம். மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்ததாம். எங்களுக்கும் ஒரு முறை இப்படித்தான் ஒளிரவில்லை, அன்று நாங்கள்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று எண்ணி அந்த நாள் கணக்கைத் தள்ளிவிட்டோம், இப்போது அதையும் சேர்த்து எழுதுகிறோம் என்று அந்தப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்.

"பதக்கம் கிடைத்ததா?" என்று பெரியவர் கேட்டார்.

"அவங்களுக்குக் கிடைச்சுது. எங்களுக்கு வேற ஒரு நிபந்தனையில குறைஞ்சு போச்சு."

பெரியவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்த இரண்டு நாள் மௌனம் மனத்தை விட்டுப் போகவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளும் ஓர் இரவு பேசியிருப்பார்கள் அல்லவா? 'அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யத் தெரியவில்லை' என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு சுலபம்! அவர்களுக்கும் பதக்கம் கண்முன்னே இருந்தது. 'ஒத்துழைத்தோம்' என்று காட்டினால் பதக்கம். 'எங்கள் துண்டு வேலை செய்யவில்லை' என்று எழுதச் சொல்லி எந்த விதியும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு துண்டு அதன் அட்டையில் எழுதியபடி நடக்காமல் போவது இந்தத் துறையில் அபூர்வம் அல்ல. செயற்கை உயிரியல் எதிர்கொள்ள வேண்டிய 5 கசப்பான உண்மைகள் என்று 2010ல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் முதலாவது, பல துண்டுகளின் குணம் சரிவர வரையறுக்கப்படவில்லை என்பதுதான். செய்தவன் சோதித்து, செய்தவனே சான்றிதழ் எழுதினால் வேறென்ன ஆகும்? தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடும் தகப்பன் கதைதான்.

உதவியில் உள்ளத் தூய்மைதான் முக்கியம் என்று பெரியவர் சொன்னார். உள்ளம் தூய்மையாக இருந்தும் என்ன நேர்ந்துவிடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அதற்கும் இந்தப் போட்டிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

வங்கதேசத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வாந்திபேதியில் மாண்டுகொண்டிருந்தார்கள். அதைத் தடுப்பதற்காக 1970களிலிருந்து கிராமம் கிராமமாகக் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். யுனிசெஃப் போன்ற அமைப்புகள் கை கொடுத்தன. நோக்கத்தில் ஒரு துளி களங்கம் கிடையாது. பளிங்கு போன்ற நீர் வந்தது. ஆனால் அந்த நீரில் பூமிக்கு அடியிலிருந்து ஆர்சனிக் என்னும் நஞ்சும் கலந்து வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. 1993ல்தான் அது தெரியவந்தது. அந்நாட்டின் 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை அபாயத்தில் இருப்பதாக 2000ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் எழுதியது. வரலாற்றிலேயே ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் என்றும் அது குறிப்பிட்டது. கொடுத்தவர்கள் நல்லவர்கள், வாங்கியவர்கள் நன்றி சொன்னார்கள். இடையில், 'கொஞ்சம் இருங்கள், இதைச் சோதித்துப் பார்த்தீர்களா?' என்று கேட்பதற்கு ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

2006ஆம் வருஷப் போட்டிக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் கொண்டுவந்தது அந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கிருமியைத்தான். தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் கிருமி அந்த நீரின் அமிலத்தன்மையை மாற்றும், அதனால் சாயத்தின் நிறம் மாறும். உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அவ்வளவு நுட்பமான அளவை விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமல் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த மாணவர்களின் ஆசை. அவர்கள் செய்தது ஆய்வுக்கூட முயற்சிதான். அங்கிருந்து கிணற்றடிக்குப் போகும் வழி நீளமானது. மாற்றிய கிருமியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே விடக்கூடாது என்பது இந்தப் போட்டியில் கண்டிப்பான விதி. அதுவும் நியாயமே. வங்கத்துக் கிணற்றுக்கு நேர்ந்த கதையை அறிந்தவர்கள் இன்னொரு நல்லெண்ணத்தை அவசரப்பட்டு அவிழ்த்துவிடலாமா?

எனவே, உதவி உள்ளத்திலிருந்து வருகிறதா, பதக்கத்துக்காக வருகிறதா என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுத்ததை யாராவது சரிபார்த்தார்களா? சரிபார்ப்பவனுக்குக் கொடுப்பவன் இடம் வைத்தானா?

இதில் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்தது நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1956ல் சட்டம் வந்து, மெட்ரிக் அளவுகள் பழக்கத்துக்கு வந்த பிறகுதான் அந்தத் தகராறு ஓய்ந்தது. ஆய்வுக்கூடங்களிலும் அதே தகராறு உண்டு. ஒரு குப்பியில் எத்தனை கிருமிகள் இருக்கின்றன என்பதை ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துக் கணிக்கிறார்கள். ஆனால் இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும். ஒரு கூடத்தில் 5 என்பது இன்னொரு கூடத்தில் 5 அல்ல. இதற்காக 2014லிருந்து இந்தப் போட்டியில் கலந்துகொள்ளும் குழுக்களையே ஒரே மாதிரியான கிருமிகளை அளந்து பார்க்கச் சொன்னார்கள். ஜெல்லி மீனிடமிருந்து கிடைத்த பச்சை ஒளிப் புரதம் கொண்ட கிருமிகள் அவை. பரிசோதனை ஒன்றில் 244 ஆய்வுக்கூடங்கள் பங்குகொண்டன. மணலின் பொருளான சிலிக்காவால் செய்த, எண்ணிக்கை தெரிந்த நுண்ணிய மணிகளை நீரில் படிப்படியாகக் கலந்து முதலில் அளந்துகொண்டால், எந்த ஊர் இயந்திரத்தின் எண்ணையும் கிருமியின் எண்ணிக்கையாக மாற்றிவிடலாம் என்று தெரிந்தது. அந்த மணிகளைக் கொண்டு எடுத்த அளவீடுகளில் 95 சதவிகிதத்துக்கு மேல் 1.2 மடங்கு வித்தியாசத்துக்குள் அடங்கின. 2020ல் முடிவு பிரசுரமாயிற்று.

இந்த 244 கூடங்களில் யார் யாருக்கு உதவினார்கள்? பணக்கார நாட்டுக் கூடம் ஏழை நாட்டுக் கூடத்துக்கு உதவியதா? அப்படிச் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய கூடமானாலும் தன் எண் சரியா என்று தானாகத் தெரிந்துகொள்ள அதற்கு வழி இல்லை. இன்னொருவர் அளந்து சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள். நான் உனக்குக் கொடுக்கிறேன் என்ற மேட்டிமைக்கு அங்கே இடமே இல்லை.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்னால் ஒப்புரவுக்கு ஒரு தனி அதிகாரம் வைத்தார். இரண்டும் கொடுப்பதைப் பற்றித்தானே, எதற்கு இரண்டு என்று படிக்கிற காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. ஒரே ஊரில், ஒரே உலகில் வாழ்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்து நடந்துகொள்வது ஒப்புரவு. இந்தப் பிள்ளைகளின் போட்டியைப் பற்றிக் கேட்ட பிறகு அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் தெளிவாகிறது.

ஒப்புரவு என்று சொல்லிவிட்டதால் எல்லோரும் சமம் ஆகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு குழு பதிவு செய்துகொள்ளவே ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். பிறகு பிரயாணச் செலவு, விசா. ஒரு நாட்டில் இன்று கேட்டால் நாளை வந்துவிடும் ரசாயனம், இன்னொரு நாட்டில் சுங்கத்தில் வாரக்கணக்காக உட்கார்ந்திருக்கும். ஆனாலும் 2006ல் அந்த உலோகச் செங்கலை வென்று கொண்டுபோனவர்கள் சுமார் 20 லட்சம் பேரே வாழும் ஸ்லொவேனியா என்ற சின்ன நாட்டின் மாணவர்கள். ஆற்றல் எந்த ஊரில் முளைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் எட்டாத ஊர்களுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

பெரியவரின் கேள்விக்கு என் பதில் இதுதான். விதியால் அன்பை உண்டாக்க முடியாது, உண்மைதான். ஆனால் விதியால் ஓர் உறையைத் தபாலில் சேர்க்க முடியும். பதக்கத்தின்மேல் ஆசை இல்லாவிட்டால் அந்த உலர்ந்த காகிதம் கடல் கடந்து வந்திருக்காது. முகம் தெரியாத இரண்டு கூட்டத்தார் ஒருவர் வேலையை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் வீட்டுக் குழந்தையை, 'மாமாவுக்கு வணக்கம் சொல்லு' என்று நாம் பிடித்துத் தள்ளுகிறோமே, அதுபோலத்தான். முதல் வணக்கத்தில் மரியாதை இல்லை. ஆனால் அந்த முதல் வணக்கம் இல்லாமல் பின்னால் வருகிற வணக்கங்களும் இல்லை.

விதியால் முடியாதது அதற்கப்பால் இருக்கிறது. 'உங்கள் துண்டு எங்கள் ஊரில் ஒளிரவில்லை' என்று எழுதியதும், 'எங்கள் ஊரிலும் ஒரு நாள் ஒளிரவில்லை' என்று பதில் எழுதியதும் எந்த நிபந்தனைப் பட்டியலிலும் இல்லை. எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. அந்த இரண்டு கடிதங்களையும் இரண்டு நாட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி, தாங்களாகவே எழுதினார்கள். அடுத்த வருஷம் யாரோ ஒரு மாணவி, இன்னும் எந்த ஊரோ, கிடங்கிலிருந்து அந்தத் துண்டை எடுக்கும்போது அதன் அட்டையில் அந்தக் குறிப்பு இருக்கும். அவள் பல நாள் வீணாக உழைக்க வேண்டியிருக்காது. தனக்கு உதவியவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கும் அவளைத் தெரியாது.